பால் வடியும் நேரம்: நாளைத் திட்டமிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

என் தாயார் மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று பெயர் கொடுத்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் தமக்குரிய நிரைகளைச் சீவி முடித்து, மங்குகளில் (மரத்தில் கட்டிய கிண்ணங்களில்) பால் சேரும் இடைவெளியில் பசியாறி, வெயில் ஏறியதும் வாளிகளோடு மறுசுற்று நடந்து பால் எடுத்து, நிறுவை முடிந்து வீடு திரும்பி, எங்கள் நால்வரின் பள்ளிச் சீருடையிலிருந்து இரவுச் சோறு வரை அனைத்தையும் கவனித்தார். பட்டணத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த எனக்கோ, கைப்பேசியில் நாட்காட்டியும் மேசையில் கணினியும் இருந்தும், முதல் ஓராண்டில் எந்த நாளும் போதவில்லை. மாதக் கணக்கை முடிக்க வேண்டிய வாரங்களில் இரவு ஒன்பது மணிக்கும் அலுவலகத்திலேயே இருந்தேன்.

அம்மாவின் நாளுக்கும் என் நாளுக்கும் இருந்த வேறுபாட்டை விளக்க ரப்பர் மரத்திலிருந்தே தொடங்குகிறேன். மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் இலைவழி வெளியேறாமல் மரத்துக்குள் தங்கியிருப்பதே அதற்குக் காரணம். கதிரவன் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அதே கத்தி, அதே கை, அதே மரம் என்றாலும் நேரம் தப்பிச் சீவினால் பால் குறையும். ஆகவே தோட்டத்தில் மற்ற வேலைகள் எல்லாம் அந்தச் சில மணி நேரத்தைச் சுற்றியே அமைந்தன. என் நாளில் அத்தகைய நேரம் எது என்று நான் கேட்டதே இல்லை. முதலில் கண்ணில் பட்ட வேலையை முதலில் செய்தேன். நேர மேலாண்மை என்ற பெயரில் சொல்லப்படும் பலவற்றுள் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பது சரியாக அமைந்துவிட்டால், அதே உழைப்பில் இன்னும் கூடுதலாகச் செய்ய முடியும்.

தோட்டத்து வீட்டை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்து முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்கள், எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வீட்டிலிருந்தே பலகாரமோ தையலோ செய்து விற்கத் தொடங்கியிருக்கும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே கீழ்வரும் படிகளை எழுதுகிறேன். வரிசையாகச் செய்யுங்கள், முதல் படியை முடிக்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

முதல் படி: ஒரு வாரம் கணக்கெழுதுதல்

நம் மளிகைக் கடைகளில் ‘555’ என்ற எண் அட்டையில் அச்சிடப்பட்ட, சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்று கிடைக்கும். தோட்டத்து மக்கள் வாங்கிய அரிசிக்கும் சீனிக்கும் கடைக்காரர் கடன் எழுதி வைத்த அதே நோட்டுதான். அதில் ஒன்றை வாங்கி, ஏழு நாளுக்கு உங்கள் நேரத்தின் பற்றுவரவை எழுதுங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மணியையும் இரண்டு சொற்களையும் குறித்தால் போதும்: ‘6.10 குளியல்’, ‘6.40 பேருந்து நிறுத்தம்’, ‘8.05 மின்னஞ்சல்’, ‘8.20 புலனம் (வாட்ஸ்அப்)’. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதாதீர்கள். நாம் உழைத்த நேரம் நினைவில் நீளும், வீணாக்கிய நேரம் சுருங்கும். இந்த வாரத்தில் எந்தப் பழக்கத்தையும் மாற்றவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேர வேண்டும்.

வார முடிவில் கூட்டிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. அந்த 45ஐயும், நாளுக்கு ஏழு மணி வீதம் உறக்கத்துக்கு 49ஐயும் கழித்தால் 74 மிஞ்சும். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருபவர் ஒருவர் வழியில் நாளுக்கு ஒன்றரை மணி செலவிட்டால், ஆறு நாளுக்கு ஒன்பது மணி போக 65 மிஞ்சும். சமையல், துவைத்தல், பிள்ளைகள், கோயில், உறவினர் வீடு எல்லாம் இந்த 65க்குள்தான் அடங்க வேண்டும். என் முதல் வாரக் கணக்கில் கைப்பேசி மட்டும் பத்தொன்பது மணி நேரத்தை எடுத்திருந்தது. அதை எழுத்தில் கண்ட பிறகே என்னால் நம்ப முடிந்தது.

இரண்டாம் படி: உங்கள் பால் வடியும் நேரத்தைக் கண்டறிதல்

இரண்டாவது வாரத்திலிருந்து அதே நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் அருகில் ஓர் எண் எழுதுங்கள். மனம் தெளிவாக இருந்தால் 3, ஓரளவு இருந்தால் 2, சோர்ந்திருந்தால் 1. பத்து நாள் சேர்ந்தால் ஓர் ஒழுங்கு தென்படும். பெரும்பாலோருக்கு விழித்த ஒன்றிரண்டு மணிக்குப் பின் தெளிவு ஏறி, பகலுணவுக்குப் பின் இறங்கி, மாலையில் மீண்டும் ஓரளவு எழும். ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை. விடியலில் தெளிவாக இருப்பவரும் இரவில் தெளிவாக இருப்பவரும் உண்டு. இது ஓரளவு பிறவியிலேயே அமைவது. பதின்ம வயதினரின் உடலோ இயல்பாகவே தாமதமாகத் தூங்கித் தாமதமாக விழிக்க முயலும். ஆகவே இரவு பத்து மணிக்குத் தெளிவாகப் படிக்கும் மகனைச் சோம்பேறி என்று திட்டுவதில் பயனில்லை. கணக்குப் பாடத்தை அந்த நேரத்துக்கு ஒதுக்கி, காலையில் எளிய மனனப் பாடத்தைக் கொடுப்பதே பயனுள்ளது.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொலிகளைப் பார்த்து, அதிகாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ எழுந்தால்தான் முன்னேற முடியும் என்று பலர் நம்புகிறார்கள். சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடும்படி 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்போதான் எழுகிறது. உச்சிப் பொழுதும் பகல் ஒரு மணியை ஒட்டியோ அதற்குப் பின்போதான். சென்னையில் ஐந்து மணி என்பது விடியலுக்கு ஏறத்தாழ ஒரு மணி முன்பு. பேராவில் ஐந்து மணி என்பது விடியலுக்கு ஏறத்தாழ இரண்டு மணியோ அதற்கு மேலோ முன்பு. நம் அம்மாக்கள் அந்த இருட்டில் எழுந்ததற்குக் காரணம் மரம். உங்கள் வேலை அதைக் கேட்காதபோது, எட்டு மணிக்கு உறங்கப் போக இயலாத வீட்டில் இருந்துகொண்டு நான்கு மணிக்கு எழுந்தால், உறக்கத்தைத்தான் வெட்டுகிறீர்கள். முதலில் ஏழு மணி நேர உறக்கத்தை உறுதி செய்யுங்கள். எழும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருப்பது அது எத்தனை மணி என்பதைவிட முக்கியம். மாலைக்குப் பின் குடிக்கும் காப்பியின் பாதி வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முதல்நாள் இரவே பெரட்டு

பெரட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். யார் எந்தக் காட்டில் எந்த நிரை என்பது அங்கேயே முடிவாகிவிடும். மரத்தடியில் நின்று ‘இன்று எதை வெட்டலாம்’ என்று யாரும் யோசித்ததில்லை. நாம் அலுவலக மேசையில் அமர்ந்த பிறகே அன்றைய வேலையைத் தேடுகிறோம். அந்தத் தேடலிலேயே தெளிவான முதல் மணி நேரம் கரைந்துவிடுகிறது.

ஆகவே இரவு உணவுக்குப் பின், பாத்திரம் கழுவி முடித்ததும், பத்து நிமிடம் நோட்டோடு உட்காருங்கள். நாளைய வேலைகளில் மூன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றில் ஒன்று மிகக் கடினமானதாக, நீங்கள் தள்ளிப்போட விரும்புவதாக இருக்கட்டும். அதற்கு உங்கள் எண் 3 வரும் நேரத்தை ஒதுக்குங்கள். எழுதும்போது வேலையின் பெயரை மட்டும் எழுதாமல், எப்போது, எங்கே, எதிலிருந்து தொடங்குவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘வரலாறு படிக்க வேண்டும்’ என்று எழுதியவர் படிக்கமாட்டார். ‘எட்டரைக்கு, கூடத்து மேசையில், மலாக்கா சுல்தானகப் பாடத்தின் முதல் இரண்டு பக்கம்’ என்று எழுதியவர் பெரும்பாலும் படித்துவிடுவார். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட ஆய்வுரை இந்த முறையைத்தான் விரிவாகப் பேசுகிறது: இடமும் நேரமும் முன்கூட்டியே முடிவாகியிருந்தால், அந்தச் சூழல் வந்ததும் செயல் தானாகத் தொடங்குகிறது.

எந்த மூன்று என்று தேர்ந்தெடுக்கத் தெரியாமல் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1954இல் ஆற்றிய உரையொன்றில், அவசரமான சிக்கல்கள் வேறு, முக்கியமான சிக்கல்கள் வேறு என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். அதை நாம் செம்பனையை வைத்தே புரிந்துகொள்ளலாம். வெட்டிய பழுத்த குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் பழத்துக்குள் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். கன்று நடுவதற்கோ அப்படிக் கெடு இல்லை. இன்று நடாவிட்டால் எதுவும் அழுகாது. ஆனால் நடாமலே விட்டால் சில ஆண்டுகளில் வெட்டுவதற்குக் குலை இருக்காது. மின்கட்டணம், முதலாளி கேட்ட அறிக்கை, பிள்ளையின் மருத்துவச் சந்திப்பு ஆகியவை குலைகள். புதிய திறன் கற்பது, உடற்பயிற்சி, சேமிப்பு, தேர்வுக்கான அன்றாடப் படிப்பு ஆகியவை கன்றுகள். உங்கள் மூன்றில் ஒரு கன்றாவது நாள்தோறும் இருக்க வேண்டும்.

நான்காம் படி: வேலைக்கு அளவு வைத்தல்

மனிதர் தம் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுவர் என்று டேனியல் கானமனும் ஆமோஸ் டிவர்ஸ்கியும் 1979இல் எடுத்துக்காட்டினர். இதற்கு மருந்து உங்கள் 555 நோட்டிலேயே இருக்கிறது: கடந்த முறை அதே வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று திருப்பிப் பாருங்கள். நூறு முறுக்கு சுட இரண்டு மணி என்று நினைக்கும் அக்காள், மாவு பிசைவதையும் அடுப்பைத் துடைப்பதையும் பொட்டலம் கட்டுவதையும் சேர்க்க மறந்துவிடுகிறார், நோட்டு மறக்காது. புதிய வேலைக்குக் கணக்கு இல்லையென்றால், தோன்றிய நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் ஆபத்து உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில் அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1955இல் தி எகனாமிஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு வேலை அதை முடிக்கக் கிடைத்திருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்படி விரிந்துகொள்ளும் என்றார். நம் கடலுக்கு அருகிலேயே பிறந்த இந்தக் கருத்தை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் மெய்யாகக் காண்கிறேன்: ‘இன்று முழுக்க வீட்டைத் துப்புரவு செய்வது’ என்று தொடங்கினால் மாலை ஆறு மணி வரை அது முடிவதில்லை, பத்து மணிக்குள் என்று முடிவெடுத்தால் முடிந்துவிடுகிறது. ஆகவே போதுமான நேரம் கொடுங்கள், ஆனால் முடியும் மணியையும் எழுதுங்கள்.

நெடுநேரம் உட்காரப் பழகாதவர்கள் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையில் தொடங்கலாம். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து வகுத்துக்கொண்ட முறை அது. கைப்பேசிக் கடிகாரத்தைவிடச் சமையலறைக் கடிகாரமே மேல். காரணம் அடுத்த படியில் வருகிறது.

ஐந்தாம் படி: கைப்பேசியைத் தள்ளி வைத்தல்

குடும்பக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் நிர்வாகக் குழு, பழைய தோட்டத்து நண்பர் குழு என்று நம் ஒவ்வொருவரின் புலனத்திலும் பத்துக் குழுக்களாவது இருக்கும். ஒரு செய்தியைப் பார்க்க அரை நிமிடம்தானே என்று தோன்றும். ஒரு வேலையிலிருந்து வேறொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் சோஃபி லெராய் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மீண்டும் கணக்குக்குத் திரும்பியவரின் மனம் இன்னும் குழுவில் நடந்த வாக்குவாதத்தில்தான் இருக்கும். உங்கள் எண் 3 நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். குழுக்களின் ஒலியை நிறுத்திவிட்டு, பகல் உணவு வேளையிலும் மாலையிலும் என இரு முறை மட்டும் பாருங்கள். அவசரமென்றால் அழைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அழைப்பொலியை மட்டும் திறந்து வையுங்கள். இதற்கு மேல் இந்தப் படியில் நுட்பம் எதுவும் இல்லை.

ஆறாம் படி: வீட்டாரோடும் முதலாளியோடும் பேசுதல்

தனி மனிதரின் திட்டம் பெரும்பாலும் வீட்டில்தான் உடைகிறது. அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வரும் பெண் ஒன்பது மணி வரை அடுப்படியில் நிற்கும் வீட்டில், அவருக்கு எந்த நேர மேலாண்மையைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. முதல் படியில் எழுதிய கணக்கை வீட்டில் எல்லோர் முன்னும் வைத்துப் பேசுங்கள். ‘நீங்கள் எதுவும் செய்வதில்லை’ என்ற சொல் சண்டையைத்தான் வளர்க்கும். ‘வாரத்தில் இருபத்தோரு மணி நேரம் சமையல், அதில் நான்கை யார் எடுத்துக்கொள்வது’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். கணவர் இரண்டு இரவுச் சமையலை ஏற்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சோறு வடிக்கலாம், துணி மடிக்கலாம். அதை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலவே பழக்குங்கள். சுவரில் தொங்கும் பெரிய கட்டங்கள் கொண்ட குதிரைக் காலண்டரில் யாருக்கு எந்த நாள் என்று எழுதிவிட்டால் மறுநாள் நினைவூட்ட வேண்டியதில்லை.

வேலையிடத்தில் உங்களுக்குச் சட்டம் தரும் நேரத்தையும் அறிந்திருங்கள். குறைந்தது முப்பது நிமிட ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் உண்டு. 2023 திருத்தத்திற்குப் பின், வேலை நேரத்தையோ நாட்களையோ இடத்தையோ மாற்றியமைக்கும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி அறுபது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அரை மணி தாமதமாகத் தொடங்கி அரை மணி தாமதமாக முடிக்க விரும்புபவர், சங்கடப்பட்டுக்கொண்டு இருக்காமல் எழுதிக் கேட்கலாம்.

ஏழாம் படி: ஒரு நாள் விட்டு ஒரு நாள்

பால் மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை; ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். வெட்டிய பாலை மரம் மீண்டும் ஊறச் செய்ய அவகாசம் வேண்டும். அளவு மீறி வெட்டிய மரத்தில் பட்டை காய்ந்து, பால் வருவதே நின்றுவிடும். அம்மாவின் தோட்டத்தில் அப்படிப் போன மரங்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பார்வைக்குப் பச்சையாகவே நிற்கும். கூடுதல் நேர வேலைக்கு வாரம் முழுவதும் ஒப்புக்கொள்ளும் இளைஞர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மூன்றாம் படியில் சொன்ன மிகக் கடினமான வேலையை எல்லா நாளும் வைக்காமல், திங்கள், புதன், வெள்ளி என்று வையுங்கள். இடைப்பட்ட நாட்களின் தெளிவான நேரத்தை இலகுவான வேலைக்குக் கொடுங்கள். தைப்பூசத்துக்கு விரதமிருக்கும் நாட்களிலும், கோயில் திருவிழா வாரத்திலும் புதிய பழக்கம் எதையும் தொடங்க வேண்டாம்.

எட்டாம் படி: மழை நாள்

விடியலில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று மரம் வெட்ட முடியாது. பால் வெட்டுக் கோட்டிலிருந்து வெளியே வழிந்து வீணாகும். அப்படிப்பட்ட காலைகளில் அம்மா கத்தியைத் தீட்டுவார், மங்குகளைத் தேய்ப்பார், கிழிந்த சட்டையைத் தைப்பார். உங்களுக்கும் மழை நாட்கள் வரும்: பிள்ளைக்குக் காய்ச்சல், திடீரென மாறும் ஷிப்டு, உறவில் ஒரு துக்கம், பழுதாகி நிற்கும் மோட்டார். தொடங்கியோர் பலர் கைவிடுவது இத்தகைய நாளுக்கு மறுநாளில்தான், ஏனெனில் விட்டுப்போன மூன்றையும் புதிய மூன்றோடு சேர்த்து ஆறாக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்க்காதீர்கள். விட்டுப்போனவை அன்றைய இரவுப் பெரட்டில் மற்ற வேலைகளோடு மீண்டும் வரிசையில் நிற்கட்டும், மறுநாளுக்கும் மூன்றுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில், கால் மணி நேரத்தில் முடியக்கூடிய சிறு வேலைகளின் பட்டியல் ஒன்றை முன்பே எழுதி வைத்திருங்கள்: ரசீதுகளைக் கோப்பில் இடுவது, ஒரு கடிதத்துக்குப் பதில், சட்டைப் பொத்தான். மழை நாளில் அதிலிருந்து ஒன்றைச் செய்தால் போதும்.

ஞாயிறு மாலையில் கால் மணி நேரம் அந்த வாரத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே வேலை மூன்று வாரமாக முடியாமல் நகர்ந்து வந்திருந்தால், அதைச் சிறியதாக வெட்டுங்கள், அல்லது வேறொருவரிடம் ஒப்படையுங்கள், அல்லது அடித்துவிடுங்கள். என் நோட்டில் வருமான வரிப் பாரம் அப்படி மூன்று வாரம் நகர்ந்தது. மூன்றாவது ஞாயிறு அதை அடித்துவிட்டு, ‘செவ்வாய் காலை ஏழே கால், சமையலறை மேசை, ரசீதுகளை மாத வாரியாகப் பிரிப்பது மட்டும்’ என்று எழுதினேன். அந்தச் செவ்வாய் இருபது நிமிடத்தில் ரசீதுகள் பன்னிரண்டு உறைகளுக்குள் போய்விட்டன. பாரம் வியாழக்கிழமை நிறைவானது.